பாடங் கேட்டலும் பணிவிடையும்

மாணாக்கன் ஒருவன் ஆசிரியனிடத்து நூல் படித்தான் என்பதினும் பாடங் கேட்டான் என்பதே தமிழ்நாட்டுப் பெருவழக்கு. கேள்வி என்னும் சொல்லும் அவ்வாறே கல்வியின் பெயராய் நின்றது. ஏட்டில் எழுதிய எழுத்துத் தானே பேசாது. அதனைப் பேசுவிப்பார் ஒருவர் வேண்டும். அவர் வாய்ச்சொல்லைச் செவி ஏற்கவும், ஏற்றதனை நெஞ்சு தாங்கவும் பயிலுதலே கல்வி என்று நம் முன்னோர் கொண்டனர். அதனால் அன்றோ, நூல் கற்பிக்கும் முறையைக் கூறப் புகுந்த பவணந்தி முனிவர் எழுத்தையும் சொல்லையும் ஆராய்வதற்கு முன்னரே, ஆசிரியன் இலக்கணத்தையும், மாணாக்கன் இலக்கணத்தையும், கொள்ளும் முறையையும் நன்னூலின் பொதுப்பாயிரத்துள் வைத்தார். 13-ஆம் நூற்றாண்டில் எழுந்த அந்நூல் மாணாக்கர்க்கு அன்னத்தையும் பசுவையும் முதல் உவமையாகவும், மண்ணையும் கிளியையும் இடை உவமையாகவும், ஓட்டைக் குடத்தையும் ஆட்டையும் எருமையையும் நெய்யரியையும் கடை உவமையாகவும் காட்டுவதைச் சிறுவரும் அறிவர். பலரும் நோக்காது விடுவது பிறிதொன்று. பாடஞ் சொல்லப்படுதற்கு உரியார் இன்னின்னார் என வகுத்தவிடத்துப் பொருள் மிகக் கொடுப்பவனும் ஒருவனாக எண்ணப்பட்டான். ஆயினும் அவன் அறுவருள் ஒருவனே. வழிபடுவோனும், சொன்னதனை விரைந்து கொள்ளவல்லவனும் காசின்றியே அவனோடு ஒப்ப உரிமை பெற்றனர்.

இவ்வழிபாடு என்பது யாது? ஆசிரியன் குறிப்பறிந்து ஒழுகுதல், வெறாது பணிசெய்தல், இருவென இருத்தல், சொல்லெனச் சொல்லுதல் முதலியன என்று இலக்கண நூலார் கூறுவர். சைவ சித்தாந்திகளுக்கோ இதற்கு மேலும் ஒரு பொருள் உண்டு. ஞானம் குருமுகமாகவன்றி வாராது என்பது நம் சமயத்தின் துணிபு. குருவே சிவமாகக் கொண்டு வழிபடுதல் அத்துணிபின் வழிவந்த ஒழுக்கம். ஆதலின் எழுத்தறிவித்தவனுக்குச் செய்யும் பணிவிடைக்கும், மெய்யறிவித்தவனுக்குச் செய்யும் தொண்டுக்கும் இடையே நம் மடங்களில் தெளிவான எல்லைக்கோடு இருந்ததில்லை. இது நன்மையும் செய்தது; சிற்சில இடங்களில் தீமையும் செய்தது. இரண்டனையும் மறையாது நோக்குதல் வேண்டும்.

சந்தான குரவர் வரலாறுகளை முதலிற் காண்க. திருவெண்ணெய்நல்லூரில் மெய்கண்ட தேவர் இளங்குழந்தையாய் இருந்தபொழுதே மாணாக்கர்க்கு உபதேசித்தனர் என்றும், அவர் குடிக்குக் குலகுருவாய் இருந்த சகலாகம பண்டிதர் அங்குப் போந்து ஆணவ மலத்தின் இயல்பை வினவினர் என்றும், குரவர் ஒன்றும் உரையாது அவரையே நோக்கி நின்றனர் என்றும் சொல்லுவர். வினாவின் விடை தாமே என்பதை உணர்ந்த பண்டிதர் அடிவீழ்ந்து அருணந்தி சிவாசாரியர் ஆயினர். ஈண்டு மாணாக்கராய் வந்தவர் ஆகமங்கள் அனைத்தும் கற்றவர். ஆசிரியரோ அவர்க்கு மாணாக்கர் ஆதற்குரிய குடியிற் பிறந்த பாலர். வயதும் மரபும் கல்வியும் ஆகிய மூன்றும் ஒருகணத்தில் தலைகீழாயின.

உமாபதி சிவாசாரியர் வரலாறு இன்னும் கடுமையானது. தில்லைவாழ் அந்தணராகிய அவர் பூசை முடித்துப் பகற்பொழுதில் விளக்கோடு சிவிகையில் வருங்கால், தெருவில் இருந்த மறைஞானசம்பந்தர், பட்ட மரத்தின்மேல் பகலிற் கண்ணில்லாதவன் செல்வதாக நகையாடினர் என்பது மரபு. கேட்டவர் சினந்திலர், சிவிகையினின்று இழிந்து பின்சென்றனர். மறைஞானசம்பந்தர் நெசவாளர் தெருவை அடைந்து, பாவுக்கு இடும் கஞ்சியைக் கையில் ஏற்றுப் பருக, முழங்கை வழியே ஒழுகியதனை உமாபதியார் ஏந்திப் பருகினர். அதன் பயனாகத் தம் இனத்தாரால் விலக்கப்பட்டுக் கொற்றவன்குடியில் வாழ்ந்தனர். அவர் இயற்றிய சங்கற்ப நிராகரணம் சகம் 1235, அஃதாவது கி. பி. 1313 என்னும் காலக் குறிப்பை உடையதாதலின், இது பெயரும் காலமும் தெரியாத ஒருவரைப் பற்றிய கட்டுக்கதை என்று தள்ளிவிடற்பாலதன்று. கஞ்சி பருகியமை நிகழ்ந்தவாறே நிகழ்ந்ததோ அன்றோ, அதனைப் போற்றிப் பேணிய பரம்பரையார் மாணாக்கனிடத்து எதனை எதிர்பார்த்தனர் என்பது இதனால் ஐயமின்றி விளங்கும். முதலில் அவன் தன் பிறப்பின் பெருமையைக் கீழே வைத்தல் வேண்டும். பின்னரே மற்றவை.

16-ஆம் நூற்றாண்டில் தருமபுர ஆதீனத்தை நிறுவிய குருஞானசம்பந்தர் திருவாரூரிற் கமலை ஞானப்பிரகாசரிடத்து ஏவல் செய்திருந்த காலத்தில், இரவில் அவர்க்கு முன் கைவிளக்கு ஏந்திச் செல்லுதலைத் தம் பணியாகக் கொண்டிருந்தனர். ஒருநாள் இரவு குரவர் தம் இல்லத்தின் வாயிலை அடைந்து, நிற்க என்று பணித்து உட்சென்றனர். மழை பொழிந்தது. விடியுங்காறும் மாணாக்கர் விளக்கோடு அங்கேயே நின்றனர். விளக்கும் அவியவில்லை, அவரும் நனைந்திலர் என்பர். மழையின் அற்புதத்தையே பலரும் வியந்து பேசுவர். ஒரு சொல்லின் எல்லை முடியும்வரை, அதனைச் சொன்னவர் மறந்தனரோ என்று ஒருமுறையும் ஐயுறாது நின்ற நிலை அதனினும் வியக்கத்தக்கது.

இவை ஞான மாணாக்கர் செய்திகள். எழுத்தும் எண்ணும் கற்கும் சிறுவர் நிலை வேறு. தெருத் திண்ணையிலும் மரநிழலிலும் நடந்த பள்ளிகளில், மணலில் விரலால் எழுதிப் பின்னர் ஓலையில் எழுத்தாணி பிடித்து, அரிச்சுவடியும் எண்சுவடியும் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் மனனஞ் செய்தனர். மூத்த பிள்ளையைச் சட்டாம்பிள்ளையாக்கி இளையோர்க்குப் பாடஞ் சொல்லுவித்தலும் அங்கிருந்த முறை. சென்னை மாகாணத்தில் அத்தகைய பள்ளிகள் எத்துணை என்று 1822-ஆம் ஆண்டில் கவர்னர் தாமஸ் மன்றோ வினவுவித்தார். 1826-இல் அவர் எழுதிய குறிப்பின்படி பள்ளிகள் 12,498. மாணாக்கர் 1,88,650 பேர். பல்லாரி ஜில்லாக் கலெக்டர் காம்பெல் 1823-இல் எழுதிய விடையில், காலையில் முதலில் வந்த சிறுவன் உள்ளங்கையிற் சரஸ்வதியின் பெயரை எழுதுவர் என்றும், இரண்டாவது வந்தவனுக்குச் சுழி என்றும், மூன்றாமவன் முதலாகப் பிரம்படி ஒவ்வொன்றாக ஏறிச்செல்லும் என்றும் கூறியிருக்கின்றார். கடைசியில் வந்த பிள்ளையின் கை என்னாயிற்று என்பதை அவர் எழுதவில்லை. நாம் கணக்கிட்டுக் கொள்ளலாம். வறுமையால் பெற்றோர் சிறுவரைப் பள்ளியினின்று நீக்கிவிடுகின்றனர் என்று அவர் வருந்தியதும் அவ்விடையிலேயே உள்ளது. தாழ்த்தப்பட்ட குலத்துச் சிறுவர்க்கும், மிகச் சிலர் ஒழியப் பெண் குழந்தைகளுக்கும் அத்திண்ணைகளில் இடமில்லை என்பதையும் சொல்லாது விடுதல் நேர்மையன்று. உமாபதியார் நெசவாளர் தெருவிற் கஞ்சி ஏந்திய வரலாற்றை அன்போடு ஓதியவர்களே அதனைச் செய்தனர்.

திண்ணைப் பள்ளியைக் கடந்து இலக்கண இலக்கியங்களிற் புலமை பெற விரும்பியவன் தக்க புலவர் ஒருவரை நாடிச் சென்று அவரோடு வாழ்தல் வேண்டும். அவ்வாழ்க்கை எத்தன்மையது என்பதை அறிவதற்கு, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் இளமையிற் கற்றதும், பின்னர்க் கற்பித்ததும் ஒப்பற்ற சான்றாகும். அவர்தம் மாணாக்கராகிய உத்தமதானபுரம் சாமிநாதையர் தம் முதுமையில் 1933, 1934-ஆம் ஆண்டுகளில் ஆசிரியர் சரித்திரத்தை இரு பாகமாக வெளியிட்டதனாலும், தம் சரித்திரத்தையும் எழுதியதனாலும், இவ்விருவர் கல்வி வாழ்க்கையும் நாள்தோறும் நிகழ்ந்தவாறு நமக்குத் தெரிகின்றது. நம் நாட்டிற் பிற புலவர்க்கு வாய்க்காத பேறு இது.

பிள்ளையவர்கள் 1815-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 6-ஆம் தேதி பிறந்தவர். தந்தையார் சிதம்பரம் பிள்ளையே முதல் ஆசிரியர். தந்தையாரை இளமையிலேயே இழந்த பின்னர், திரிசிரபுரத்தில் இருந்தும் வந்தும் சென்ற புலவர்களை ஒருவர்பின் ஒருவராகத் தேடிச்சென்று கற்றார். உறையூரில் ஒருவர், மடத்தில் ஒருவர், சென்னைக்குச் சென்றபொழுது திருத்தணிகை விசாகப்பெருமாளையரும் காஞ்சீபுரம் சபாபதி முதலியாரும் போன்றார் பலர் என இவ்வாறு அவர் கேட்ட இடங்கள் பல. இந்நூலை இவரிடம், இந்நூலை அவரிடம் என்று சேர்த்துக்கொண்ட கல்வி அது. அவற்றுள் ஒன்று குறிக்கத்தக்கது. அணியிலக்கணத்தில் தண்டியலங்காரத்தை நன்கு பயின்ற பரதேசி ஒருவர் திரிசிரபுரத்தில் இரந்துண்டு திரிந்தார். எளிதிற் பாடஞ் சொல்லும் இயல்பினரல்லர்; ஓரிடத்தில் தங்குபவருமல்லர். அவர் பிச்சைக்குச் செல்லுந்தோறும் இளைஞர் பின்சென்று, அவர்க்கு வேண்டுவன உதவி, அவர் உளம் இசைந்த வேளைகளிற் சிறிது சிறிதாக அந்நூலைக் கேட்டு முடித்தார்.

பணிவிடை என்பதன் மற்றொரு முகம் இது. கல்வியைத் தம்மிடத்து மூடிவைத்து, அது வேண்டிவந்தவனை ஏவல்கொண்டு அலைக்கும் ஆசிரியர் முற்காலத்தும் இருந்தனர். ஒரு நூலின் நல்ல பிரதியைப் பிறர்க்குக் காட்டாது பெட்டியிலே பூட்டி, செல்லுக்கு இரையாக்கிய புலவர்களும் உண்டு. குருபக்தி என்னும் பெயரால் இவர்களை நியாயப்படுத்தல் நம் சமயத்திற்கு இழுக்கேயாகும். நன்னூலார் மாணாக்கனுக்கு மட்டும் இலக்கணங் கூறவில்லை. ஆசிரியர் ஆகாதார்க்கும் பொறாமையும் வஞ்சனையும் முதலாகக் குணங்களை எண்ணி, அவர்க்கும் உவமை கூறியிருக்கின்றார். அப்பகுதியைப் பாடஞ் சொல்லும்பொழுது விரைந்து கடந்துபோதல் ஆசிரியர் சிலர் வழக்கம் போலும்.

அவ்வாறு அலைந்து கற்றதே பிள்ளையவர்கள் பின்னாளில் யாவர்க்கும் எதனையும் ஒளியாது சொன்னமைக்குக் காரணம் என்று கருதுதல் பொருந்தும். அவரிடத்துப் பாடங் கேட்டவர்களிடம் அவர் பொருள் பெறவில்லை. பலர்க்கு அவரே உணவும் அளித்தார். கொடுப்பார் கொடுத்தபொழுது நிறைந்தும், பிறநாளிற் கடன்பட்டும் நடந்த குடும்பம் அது. சைவர், அந்தணர், தம்பிரான்கள் என்போரேயன்றி, கிறிஸ்தவராகிய சவேரிநாத பிள்ளையும் அவரோடு உறைந்து கற்றனர். நாகூர்க் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் பாடங் கேட்டவரே. தல புராணங்களை இடையறாது பாடிய சைவப் பெருங்கவிஞர், சேக்கிழார்க்குப் பிள்ளைத்தமிழ் பாடியவர், பாடங் கேட்க வந்தவன் சமயத்தை வினவி வாயிலை அடைத்திலர் என்பது இக்காலத்துச் சைவர் பலர் நினைவிற் கொள்ளுதற்குரியது. ஆயினும் உண்ணுமிடம் குலத்துக்குக் குலம் வேறாகவே இருந்தது. அதனை அவரும் கடந்திலர்.

சாமிநாதையர் 1855-ஆம் ஆண்டு பிறந்தவர். தந்தையார் வேங்கடசுப்பையர் இசைவல்லவர். இராமாயண கதாப்பிரசங்கம் செய்து ஊரார் அளிக்கும் நெல்லைக்கொண்டு வாழ்ந்தவர். மகனுக்குத் தமிழ்க் கல்வியில் விருப்பம் மிக்கதைக் கண்டு, ஆசிரியர் இருக்கும் ஊர்தோறும் குடும்பத்தையே பெயர்த்துக்கொண்டு சென்றார். அரியிலூரிற் சடகோபையங்கார், கார்குடியில் நன்னூல் சொல்லிய கஸ்தூரி ஐயங்கார், செங்கணத்தில் யாப்பருங்கலக்காரிகை சொல்லிய விருத்தாசல ரெட்டியார் என ஊர் மாறியது. கல்வியும் படிப்படியாக ஏறியது. இவருள் ரெட்டியாரே, இனி நும் குமாரனுக்குத் தக்கவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் என்று வழிகாட்டியவர். தன்னளவு இதுவே என்று கண்டு மாணாக்கனை மேலானவரிடம் செலுத்தும் ஆசிரியர், நூல்களிற் கூறப்படும் நல்லாசிரியர் வரிசையில் முன்வைக்கத்தக்கவர்.

1871-ஆம் ஆண்டில் பதினேழாம் பிராயத்தில் மாயூரத்தை அடைந்த இளைஞரைப் பிள்ளையவர்கள் நைடதச் செய்யுள் சொல்லச்செய்து சோதித்து ஏற்றுக்கொண்டார். வேங்கடராமன் என்னும் பெயர் சாமிநாதன் என மாறியதும் ஆசிரியர் விருப்பத்தாலேயே. ஆயினும் தொடக்கத்தில் மூத்த மாணாக்கரிடத்தே பாடங் கேட்க நேர்ந்தமையால், ஆசிரியர் தாமே சொல்லும் நாள் எந்நாளோ என்னும் ஏக்கம் இளைஞரை வருத்தியது. கேட்டுப் பெறுவதற்கும் நாணம், கேளாதிருப்பதற்கும் ஆற்றாமை. பிள்ளையவர்கள் அப்பொழுது மாயூரத்தில் தம் வீட்டின் பின்புறத்தில் தோட்டம் வைத்து, மரங்களை நட்டு, ஒவ்வொரு நாளும் விடியற்காலையிற் சென்று எந்த மரம் தளிர்த்தது என்று பார்த்து மகிழ்வார். இதனைக் குறிப்பால் உணர்ந்த மாணாக்கர் அவர்க்கு முன்னரே எழுந்து தோட்டஞ் சென்று, தளிர் விட்ட இடங்களைத் தேடிக் குறித்து வைத்துக்கொண்டு, ஆசிரியர் வந்தவுடன், இங்கே ஒன்று, அங்கே ஒன்று எனக் காட்டினர். சில நாட்களில், இன்று எங்கே என்று ஆசிரியரே வினவும் நிலை வந்தது. அவ்விடியற்காலைப் பேச்சினிடையே தம் குறையைச் சொல்லும் துணிவும் மாணாக்கர்க்குப் பிறந்தது. அன்று முதல் ஆசிரியர் தாமே பாடஞ் சொல்லத் தொடங்கினர்.

குறிப்பறிந்து ஒழுகுதல் என்று இலக்கண நூல் ஒரு தொடரிற் சொல்லியதன் உரை இதுவேயாகும். விறகு சுமத்தலும் கால்பிடித்தலும் எவரும் ஏவினாற் செய்வர். ஒருவர் எதில் மகிழ்கின்றனர் என்று நோக்கி, அதில் தாமும் உண்மையாக மகிழப் பழகுதல் ஏவலால் வாராது. தளிரைத் தேடிய கண்ணே பின்னர் ஏட்டிற் சிதைந்த எழுத்தைத் தேடியது.

அவ்வொழுக்கத்திற்கு விலையும் உண்டு. நந்தன் சரித்திரக் கீர்த்தனை இயற்றிய கோபாலகிருஷ்ண பாரதியார் அக்காலத்து மாயூரத்தில் இருந்தார். தந்தையார் கருத்தின்படி சாமிநாதையர் அவரிடம் இசை பயின்றுவந்தனர். இச்செய்தி ஒருநாள் ஆசிரியர்க்குத் தெரிந்தது. இசையிற் பழக்கம் மிக்கால் இலக்கியத்தில் அறிவு செல்லாது என்பது பிள்ளையவர்கள் கருத்து. அவர் விலக்குக என்று கட்டளையிட்டிலர். கருத்தை மட்டும் கூறினர். மாணாக்கர் அன்றோடு இசைப்பயிற்சியை விட்டுவிட்டனர். இசைக்குடியிற் பிறந்து, அத்துறையிற் பெரும்புலவர் ஒருவரிடம் வாய்த்த கல்வியை இவ்வாறு நீக்கியது இழப்பேயன்றிப் பேறன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையை அவர் பிற்காலத்து ஆராய்ந்து பதிப்பித்தபொழுது, பாரதியாரிடம் இன்னும் சில ஆண்டு பயின்றிருந்தால் நலமாயிருக்குமே என்று இன்று அந்நூலைப் படிப்பார்க்குத் தோன்றலாம். ஆசிரியர் கூறுவன யாவும் பிழையற்றன என்பது குருபக்தியின் பொருளன்று.

பாடம் நடந்த முறை இக்காலத்து வகுப்பை ஒத்ததன்று. மாணாக்கர் ஒருவர் செய்யுளைப் பிரித்துப் படிப்பார். ஆசிரியர் வேண்டுமிடத்துப் பொருளும் கதையும் இலக்கணக் குறிப்பும் சொல்லுவார். விளங்குவதாயின் மேலே செல்லுவர். அச்சுப் புத்தகங்கள் அரியனவாதலின் ஏடுகளைப் பார்த்துத் தாமே பிரதி செய்துகொள்ளுதலும் பாடத்தின் பகுதியாய் இருந்தது. நேரமும் இடமும் வரையறுக்கப்படவில்லை. பிள்ளையவர்கள் திருவாவடுதுறைக்கோ பட்டீச்சுரத்திற்கோ சென்றால் பாடமும் உடன் சென்றது. புராணம் இயற்றுங்கால் அவர் செய்யுட்களை வாயாற் சொல்லிக்கொண்டே செல்வர். அருகிருந்து ஓலையில் எழுதுதல் மாணாக்கர் பணி. சாமிநாதையர் அவ்வாறு எழுதியவற்றுள் அம்பர்ப் புராணமும் ஒன்று. கவிஞர் ஒருவர் உள்ளத்திற் செய்யுள் உருவாகும்பொழுதே அதன் அடியும் சீரும் எவ்வாறு அமைகின்றன என்பதை அருகிருந்து காணும் கல்வியை எந்தப் பாடபுத்தகம் அளிக்கவல்லது? எழுதும் வேலைக்காரன் என்று புறத்தார் கண்ணுக்குத் தோன்றியவன் உண்மையிற் பாடங் கேட்டுக்கொண்டிருந்தான்.

திருவாவடுதுறை ஆதீனத்தில் அப்பொழுது பதினாறாம் பட்டத்தில் எழுந்தருளியிருந்தவர் மேலகரம் சுப்பிரமணிய தேசிகர். வடமொழி, தென்மொழி, இசை மூன்றினும் வல்ல அவர், வருவாரைச் சோதித்து ஊக்கும் இயல்பினர். தை மாதத்து அசுவதியில் நிகழும் நமச்சிவாய மூர்த்திகள் குருபூசைக்கு நாட்டின் பல பாகங்களினின்றும் வித்துவான்களும் இசைவாணரும் வந்து கூடுவர். இளம் மாணாக்கனுக்கு அக்கூட்டமே ஒரு பெருங்கலாசாலை. மடத்துத் தம்பிரான்கள் பிள்ளையவர்களிடம் பாடங் கேட்டனர். கேட்டவர் தமக்கு இளையராகிய குட்டித் தம்பிரான்களுக்குச் சொல்லினர். இதற்கு முற்பட்ட நூற்றாண்டிலும் இம்மடத்தின் ஒழுக்கம் இவ்வாறே இருந்தது. விக்கிரமசிங்கபுரத்துச் சிறுவர் ஒருவர் தம்பிரான்களோடு இம்மடத்திற்கு வந்து, வேலப்ப தேசிகரிடத்து அருள்பெற்றுச் சிவஞான முனிவர் ஆகி, மாபாடியம் இயற்றி, 1785-இற் பரிபூரணம் எய்தினர். அவர்தம் மாணாக்கர் கச்சியப்ப முனிவர் தணிகைப் புராணம் பாடினர். நன்னூல் விருத்தியுரையைச் சங்கரநமச்சிவாயர் எழுத, அதனைச் சிவஞான முனிவர் திருத்தினர் என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. ஒருவர் எழுதிய உரையை மற்றொருவர் திருத்தியும் முதல்வர் பெயர் அழியாமை, பாடங் கேட்டலால் வந்த பழக்கம்.

பிள்ளையவர்கள் 1876-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 1-ஆம் தேதி திருவாவடுதுறையிற் சிவபதம் எய்தினர். இறுதி வேளையிற் சவேரிநாத பிள்ளை அவரைத் தம் மார்பிற் சார்த்திக்கொண்டிருந்தார். திருவாசகத்தின் அடைக்கலப் பத்தைச் சாமிநாதையர் படித்தார். கிறிஸ்தவர் ஒருவர் தாங்க, ஸ்மார்த்த அந்தணர் ஒருவர் ஓத, சைவ வேளாளப் புலவர் கண்மூடினர். அவர் விட்டுச்சென்ற செல்வம் ஏட்டுச் சுவடிகளும் கடனும் மாணாக்கருமே.

அதன்பின் சாமிநாதையர் நான்கு ஆண்டு ஆதீனத்திலேயே தங்கி, தேசிகரிடத்துப் பாடங் கேட்டும், இளையோர்க்குச் சொல்லியும் வந்தனர். 1880-ஆம் ஆண்டில், பிள்ளையவர்களிடம் தமக்கு முன்னர்ப் பயின்றவரும் கும்பகோணம் காலேஜில் தமிழ்ப் பண்டிதருமாகிய தியாகராச செட்டியார் உடல்நலங் குன்றி விலகுங்கால், தம் இடத்திற்கு இவரே தக்கவர் என்று முயன்று அவ்வுத்தியோகத்தை வாங்கிக் கொடுத்தனர். பிரிய மனமில்லாத தேசிகரும் இசைந்தனர்.

அவ்வாண்டு அக்டோபர் மாதத்திற் சேலம் இராமசாமி முதலியார் என்பவர் முன்சீபாய்க் கும்பகோணம் வந்தார். அவரைக் காணச் சென்ற புதிய பண்டிதரை நோக்கி, என்ன படித்திருக்கின்றீர் என்று வினவினர். அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று சாமிநாதையர் அடுக்கினர். இவற்றால் என்ன பயன் என்பதே முதலியார் விடை. சீவகசிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று அவர் மேலும் வினவ, பண்டிதர்க்கு விடையில்லை. பல்லாண்டுக் குருகுலவாசம் அவ்வொரு சந்திப்பிற் குறையுடையதாகத் தோன்றியது.

மடங்களிற் பேணப்பட்ட கல்விக்கு நேர்ந்த நியாயமான குற்றச்சாட்டு இதனினும் வேறில்லை. ஏடுகளைச் சேர்த்து வைத்தனர், செல்லரியாது காத்தனர், ஆனால் பிற சமயத்து நூல் என்றும், பயிலாத நூல் என்றும் பழம்பெருங் காப்பியங்களையும் சங்கச் செய்யுட்களையும் பாடஞ் சொல்லும் வரிசையினின்று நழுவவிட்டனர். எதனைக் கற்கவேண்டும் என்பதை ஆசிரியரே வகுக்கும் முறையில், ஆசிரியர் அறியாதது மாணாக்கர் தலைமுறைக்கும் மறைந்துபோம். பணிவிடை ஒழுக்கம் இதனைத் தடுக்கவல்லதன்று.

எனினும் அதன்பின் நிகழ்ந்ததனையும் காண்டல் வேண்டும். சிந்தாமணியை அறியாத அப்பண்டிதர் சமணர் இல்லங்களுக்குச் சென்று, அவர்தம் சமயச் சொற்களுக்குப் பொருள் தெரியாது தாம் இடர்ப்படுவதைக் கூறி, சிறுவனைப் போல் அவரிடம் பாடங் கேட்டனர். காலேஜில் ஆசிரியராய் அமர்ந்தவர் வீதியில் மாணாக்கராயினர். சைவ மடத்திற் பயின்ற பழக்கம் சமண நூலுக்கு உதவியது. 1887-இற் சீவகசிந்தாமணி அச்சேறியது. 1889-இற் பத்துப்பாட்டு, 1892-இற் சிலப்பதிகாரம், 1894-இற் புறநானூறு, 1898-இல் மணிமேகலை என நூல்கள் தொடர்ந்து வெளிவந்தன. இரவில் விளக்கருகே சிதைந்த ஏட்டில் ஒரு சொல்லுக்காகப் பல பிரதிகளை ஒப்புநோக்கி இருந்த அப்பொறுமையை அவர் அச்சுக்கூடத்திற் கற்றிலர்.

யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் இதே நூற்றாண்டில் வேறொரு வழி கண்டனர். பாதிரிமார் பள்ளியிற் கற்றும் கற்பித்தும் அவர்தம் முறையை அறிந்தவராதலின், 1848-இல் வண்ணார்பண்ணையிலும், 1864-இற் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவி, வகுப்பு வகுத்து, பாலபாடங்களை அச்சிட்டு, ஓர் ஆசிரியர் பலர்க்கு ஒருங்கே கற்பிக்கச் செய்தனர். ஊர்தோறும் ஒரு மகாவித்துவானை எதிர்பார்த்திருந்தாற் சைவச் சிறுவர் அனைவரும் பிறர் பள்ளிக்கே செல்வர் என்பதை அவர் உணர்ந்தமை அறிவுடைமையே. திருவாவடுதுறையில் அவர்க்கு நாவலர் பட்டம் அளித்ததும் 1849-இல், இவ்வாதீனமே. குருகுலத்தின் நெருக்கம் வித்தியாசாலையில் வாராது. வித்தியாசாலையின் பரப்பு குருகுலத்தில் வாராது. இரண்டனையும் ஒருங்கே பெறும் வழியை நம்மவர் இன்னும் கண்டிலர்.

சாமிநாதையர் பின்னாளிற் சென்னைத் திருவேட்டீசுவரன்பேட்டையில் தமக்கென ஒரு வீடு பெற்றபொழுது, அதற்குத் தம் குலதெய்வத்தின் பெயரையோ தந்தையார் பெயரையோ இட்டிலர். தமக்குத் தம் பதவியை அளித்த உடன்மாணாக்கர் நினைவாகத் தியாகராஜ விலாசம் என்று பெயரிட்டனர். 1942-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதம் 28-ஆம் தேதி அவர் மறைந்தனர். அவ்வீடு 2012-இல் இடிக்கப்பட்டது.